நான்கு விரல் அகலம்

சென்னையிலிருந்து யூனிட்டில் வருபவர்களுக்கு அரக்கோணம் வந்துவிட்டதென்று யாரும் சொல்லத் தேவையில்லை. புளியமங்கலம் தாண்டியதும் தண்டவாளத்தின் தாளம் மாறிவிடும். அதுவரை ஒரே சீராக வந்த சத்தம் உடைந்து, தடம் பிரியும் பாயிண்டுக்குப் பாயிண்ட் பெட்டி இப்படியும் அப்படியும் ஆடும். ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பவர் நெற்றி இடித்து விழிப்பார். எதிரில் இருக்கும் பூக்காரம்மா கூடையைக் காலுக்குள் இழுத்து வைத்துக்கொள்வார். புறநகர் மின்சார ரயிலை எங்கள் பக்கத்தில் இன்றும் யூனிட் என்றுதான் சொல்கிறோம். சென்ட்ரலில் புறப்பட்ட யூனிட், 69 கிலோமீட்டர் வந்த களைப்போடு ஊர்ந்து உள்ளே நுழையும்.

நாற்பது வருடங்களுக்கு மேலாக இந்த நிலையத்தின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு. அதைச் சொன்னால் நண்பர்கள் புரியாமல் பார்க்கிறார்கள். சென்ட்ரலுக்குச் சிவப்புக் கட்டடமும் மணிக்கூண்டும் இருக்கின்றன. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்து 1873-இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்கு ராபர்ட் சிஷோம் பிற்பாடு மெருகேற்றினார். எழும்பூருக்கு ஹென்றி இர்வின் 1908-இல் இந்தோ-சாரசெனிக் குவிமாடங்களைக் கொடுத்தார். ராயபுரத்தில் 1856-ஆம் வருடத்துத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அரக்கோணத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஊர்ப் பக்கம் நின்று பார்த்தால் அவர்கள் கேட்பதில் தவறில்லை. தாழ்வான, நீளமான கட்டடம். எந்தக் காலத்தில் எந்த அறையைச் சேர்த்தார்கள் என்றே பிரித்துச் சொல்ல முடியாத ஒட்டு வேலை.

நான் அவர்களை நடைமேம்பாலத்தில் ஏற்றி, சென்னைக்கு முதுகைக் காட்டி நிற்க வைப்பேன். மேற்கே பாருங்கள் என்பேன். கடைசி நிலையங்களுக்கு முகம் உண்டு. பயணி ஊரிலிருந்து உள்ளே நுழைகிற இடம் அது, ஆகவே கோபுரம் வைத்து வரவேற்கிறார்கள். சந்திப்பு நிலையத்துக்குப் பயணி தண்டவாளத்தின் மேல் வந்து, தண்டவாளத்தின் மேலேயே போய்விடுகிறான். அதன் கட்டடக்கலையைத் தரையில்தான் தேட வேண்டும். எந்தத் தடம் எங்கே பிரிகிறது, எந்த மேடை எவ்வளவு நீளம், எந்த இரண்டு தடங்கள் ஒன்றையொன்று பார்க்காமலேயே போய்விடுகின்றன என்பதெல்லாம் யாரோ ஒரு நாள் யோசித்து எடுத்த முடிவு. அப்படியொரு முடிவு நூற்றைம்பது வருடம் கழித்தும் ஒரு வண்டியைத் தாமதப்படுத்தும், ஒரு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு மேடை மாற வைக்கும்.

மேம்பாலத்திலிருந்து தெரிவது ஒரு கவட்டை. கைப்பிடி சென்னைப் பக்கம். மேற்கே இரண்டு கிளைகள். ஒன்று சித்தேரி, சோளிங்கர் வழியாகக் காட்பாடிக்கும், அங்கிருந்து ஜோலார்பேட்டைக்கும் போய், பெங்களூரு, கோவை, கேரளம் என்று விரிகிறது. மற்றொன்று வடக்கே வளைந்து இச்சிபுத்தூர், திருத்தணி, ரேணிகுண்டா என்று மும்பை வரை நீள்கிறது. மும்பையிலிருந்து வரும் வண்டியும் கோவையிலிருந்து வரும் வண்டியும் அரக்கோணத்தில் நின்றுவிட்டு நேராகச் சென்னைக்குப் போய்விடலாம். ஆனால் காட்பாடியிலிருந்து இந்த நிலையத்துக்குள் வரும் வண்டி ரேணிகுண்டாவுக்குப் போக வேண்டுமென்றால் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டித் திரும்பிப் போக வேண்டும். கிளைக்கும் கிளைக்கும் பேச்சு இல்லை. இரண்டும் கைப்பிடியிடம் மட்டுமே பேசும். இந்த நிலையத்தைக் கட்டியவர்களுக்கு எது முக்கியமாக இருந்தது என்பதை அந்த வடிவம் ஒன்றே சொல்லிவிடுகிறது. எல்லாம் மதராஸுக்கு வர வேண்டும், மதராஸிலிருந்து போக வேண்டும். இடையில் இருக்கிற ஊர்கள் ஒன்றோடொன்று உறவாடுவது அவர்கள் கணக்கில் இல்லை.

கைப்பிடிதான் முதலில் வந்தது. மதராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையைத் திறந்தது. அப்போது கவர்னராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. ஆற்காட்டை எட்டிப் பிடிப்பதற்காகப் போட்ட பாதை. அரக்கோணம் நடுவில் வந்த ஓர் ஊர், அவ்வளவுதான். அந்தப் பாதை மேற்கே நீண்டு 1862-க்குள் மலபார் கரையில் பேப்பூரைத் தொட்டுவிட்டது. பிறகு அரக்கோணத்திலிருந்து வடமேற்குப் பாதை கிளம்பியது. கடப்பை, குண்டக்கல் வழியாகப் போய், 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயின் பாதையோடு கைகோத்தது. அன்றிலிருந்து அரக்கோணம் இந்தியாவின் இரண்டு கடற்கரைகளை இணைக்கும் பாதையில் ஒரு முடிச்சு.

அந்த முடிச்சின் கனம் என்னவென்பது அடுத்த சில வருடங்களிலேயே தெரிந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி மதராஸ் கடற்கரையில் மலை மலையாகக் குவிந்தது. உள்நாட்டுக்குப் போக ரயிலை விட்டால் வேறு வழியில்லை. இழுக்க மாடுகளும் செத்துக்கொண்டிருந்தன. கடப்பைக்கும் பெல்லாரிக்கும் போன மூட்டைகள் இந்தக் கவட்டையில்தான் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும், சேலத்துக்குப் போனவை நேராக. அந்த ரயில் எத்தனை உயிரைக் காத்தது, அதே ரயில் முன்பு உள்ளூர்த் தானியத்தை விலை கிடைத்த இடத்துக்கெல்லாம் அள்ளிக்கொண்டு போய் எத்தனை குதிர்களைக் காலியாக்கியது என்பதைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் நடந்தது என்பதை மட்டும் அந்த மேம்பாலத்தில் நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

இனி, தெற்கே காஞ்சிபுரத்துக்குப் பிரியும் மூன்றாவது கிளைக்கு வருகிறேன். என் சொந்தக் கதை அதில்தான் இருக்கிறது.

அம்மாவின் ஊர் காஞ்சிபுரம். அப்பா பெரம்பூரில் ரயில்வே ஊழியர், ஆகவே பாஸ் உண்டு. பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று தெரிந்தும், பாஸ் இருக்கும்போது காசு எதற்கு என்று முழுப் பரீட்சை லீவில் எங்களை ரயிலில்தான் அனுப்புவார். சென்னையிலிருந்து அரக்கோணம் வரை அகலமான பெரிய வண்டி. அரக்கோணத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் அண்ணனும் பிடிக்க, நான் கூஜாவைத் தூக்கிக்கொண்டு, காஞ்சிபுரம் போகும் சின்ன வண்டிக்கு மாறுவோம். மீட்டர் கேஜ் வண்டி. எல்லாமே ஒரு சுற்றுக் குறைந்தது போல இருக்கும்: பெட்டி சிறியது, இருக்கை குறுகல், எஞ்சின்கூட எங்களைப் போன்ற பிள்ளைகளுக்காகச் செய்தது போலத் தோன்றும். கரிப்புகை மட்டும் குறைவில்லை. தக்கோலம் வருவதற்குள் என் சட்டைக் காலர் கறுத்திருக்கும்.

ஏன் இரண்டு வண்டிகள் என்ற கேள்விக்குப் பதில் சொன்னவர் அப்பாவின் நண்பர். அரக்கோணத்தில், லீவர் இழுத்துத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தால் அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் போவோம். ஒருநாள் அவர் என்னை மேடையின் ஓரத்துக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

“கண்ணு, அந்தப் பெரிய தடம் அஞ்சரை அடி. இந்தச் சின்னது ஒரு மீட்டர். ஆனால் இது முதலில் மூன்றரை அடியாக இருந்தது, தெரியுமா? வெள்ளைக்காரன் போட்டுவிட்டு, அப்புறம் பிடுங்கி இவ்வளவு உள்ளே தள்ளிப் போட்டான்.”

இவ்வளவு என்று சொல்லும்போது கட்டைவிரலை மடக்கி மற்ற நான்கு விரல்களையும் சேர்த்துக் காட்டினார். ஆயுள் முழுக்க லீவர் இழுத்த கை. விரல் ஒவ்வொன்றும் மரவள்ளிக்கிழங்கு போல இருந்தது. அவர் சும்மா கதை சொல்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். பெரியவனாகிப் படித்தபோது அவர் சொன்னது அங்குலம் பிசகாத உண்மை என்று தெரிந்தது.

இந்தியன் டிராம்வே கம்பெனி என்றொரு சிறிய கம்பெனி 1865-இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 19 மைல் பாதை போட்டது. அகலம் 3 அடி 6 அங்குலம், அதாவது 1067 மில்லிமீட்டர். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் முடிவான 5 அடி 6 அங்குல அகலப்பாதைக்குப் பணம் ஆறாக ஓடியது. அந்தக் கம்பெனிகளுக்கு 5 சதவீத வட்டியை அரசாங்கமே உத்தரவாதமாகக் கொடுத்ததால் சிக்கனம் பார்க்க யாருக்கும் அவசரமில்லை. காஞ்சிபுரம் கோயில்களும் தறிகளும் நிறைந்த ஊர். ஆனாலும் பிரதான பாதை அதைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. மெல்லிய தண்டவாளம், இலகுவான வண்டி, குறைந்த செலவு என்று அங்கே ஒரு பாதை போட்டுப் பார்த்தார்கள். அகலத்தைக் குறைத்தால் ஏழை நாட்டுக்கும் ரயில் கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு இந்த மண்ணில் மிக முன்னதாக நடந்த சோதனைகளில் இது ஒன்று. காஞ்சிபுரத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் காலத்தில் அரசாங்கம் இரண்டாவது அகலத்தை முடிவு செய்தது. நாட்டில் மெட்ரிக் அளவு முறை வரப்போகிறது என்று நம்பி, மூன்றே கால் அடியைச் சற்றே கூட்டி ஒரு மீட்டர் என்று வைத்தார்கள். ரயில் மட்டும் மீட்டருக்கு மாறியது. மற்ற அளவுகள் மாற இந்தியா சுதந்திரம் அடைய வேண்டியிருந்தது. டிராம்வே கம்பெனி இதற்குள் கர்நாடிக் ரயில்வே என்று பெயர் மாற்றிக்கொண்டு, நாகப்பட்டினத்திலிருந்து பாதை போட்ட கிரேட் சதர்ன் கம்பெனியோடு இணைந்தது. 1874-இல் அது தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. தெற்கே முழுவதும் மீட்டர் பாதை என்றானபின் காஞ்சிபுரத்தின் மூன்றரை அடி தனித்துவிட்டது. 1878-இல் அதையும் மீட்டராக்கினார்கள். 1067-க்கும் 1000-க்கும் வித்தியாசம் 67 மில்லிமீட்டர். ஒரு பாயிண்ட்ஸ்மேனின் நான்கு விரல்.

அந்த நான்கு விரலுக்காக 19 மைலுக்கும் ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தைத் தள்ளி, மறுபடி அறைந்தவர்கள் யார் என்று எந்தப் புத்தகமும் பெயர் சொல்வதில்லை. பஞ்சம் இன்னும் ஊரைவிட்டுப் போகாத வருடம் அது. கூலிக்கு வந்தவர்கள் எந்த நிலையில் வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்க மனம் கனக்கிறது.

பிறகு பாதை காஞ்சிபுரத்தைத் தாண்டிச் செங்கல்பட்டுவரை நீண்டு, எழும்பூரிலிருந்து தெற்கே போகும் மீட்டர் பாதையோடு சேர்ந்துகொண்டது. அதனால் அரக்கோணத்துக்கு ஒரு விசித்திரமான பெருமை வாய்த்தது. பம்பாய்ப் பக்கத்தின் அகலப்பாதை உலகமும், தூத்துக்குடி வரை நீளும் மீட்டர் உலகமும் தொட்டுக்கொள்ளும் இடமாயிற்று. தொட்டுக்கொண்டன, கலக்கவில்லை. ஒரு வண்டியின் சக்கரம் மற்றதன் தடத்தில் ஏறாது. ஆகவே அகலம் மாறுகிற எல்லாச் சந்திப்பிலும் நடந்ததுதான் இங்கும் நடந்தது. இந்தப் பக்கம் ஒரு சரக்கு வாகன், அந்தப் பக்கம் ஒரு சரக்கு வாகன், நடுவில் மேடை. ஒன்றின் கதவிலிருந்து மற்றதன் கதவுக்கு மூட்டைகள் மனித முதுகில் போய்ச் சேர்ந்தன. பொறியாளர் விட்ட இடைவெளியைத் தொழிலாளி தன் முதுகெலும்பால் அடைத்தார்.

நேரத்துக்கும் ஓர் அகலம் உண்டு என்பது இந்தப் பாதையைப் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. பம்பாய்க்கும் மதராஸுக்கும் சூரியன் வேறு வேறு நேரத்தில் உதிக்கிறது. கடிகாரங்கள் அரை மணி வித்தியாசம் காட்டின. நேர்ரயில் ஓடத் தொடங்கியதும் எந்த ஊர்க் கடிகாரத்தை நம்பி அட்டவணை போடுவது என்ற கேள்வி எழுந்தது. மதராஸ் நேரத்தையே இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக வைத்தார்கள். நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையம் சொன்ன நேரம் தந்திக் கம்பி வழியாக நாட்டின் நிலையங்களுக்குப் போனது. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை அதுதான் நடைமுறை. சிவப்புக் கோட்டு வெள்ளைக்காரனின் பெருமிதத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இந்தியா முழுவதும் ரயில்கள் நம் ஊர் நேரத்துக்கு ஓடின என்பது எனக்கு இனிக்கத்தான் செய்கிறது.

கம்பெனிகள் வந்தன, போயின. மதராஸ் ரயில்வே 1908-இல் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயாக மாறியது. 1951 ஏப்ரல் 14-இல் எல்லாம் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயிற்று. அதுவரை ஒரே நிலையத்தில் இரண்டு கம்பெனிகள், இரண்டு அகலங்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் தனித்தனி அடுப்பு வைத்துப் பிழைத்தது போல.

மின்கம்பி சென்ட்ரலிலிருந்து 1979-இல் திருவள்ளூருக்கும் 1982-இல் அரக்கோணத்துக்கும் வந்தது. யூனிட் ஓடத் தொடங்கியபின் நிலையத்தின் குணமே மாறிவிட்டது. நெடுந்தூர வண்டிக்குக் காத்திருப்பவர் ஏதாவது விரித்துப் படுப்பார். யூனிட்டுக்கு வருபவர் ஓடுவார். சீசன் டிக்கெட்காரர்களுக்கு இந்த நிலையம் ஓர் ஊரல்ல, காலை நேரத்தின் ஒரு நிமிடம். எந்தப் பெட்டி எந்தத் தூணுக்கு நேராக நிற்கும் என்று அவர்கள் காலுக்குத் தெரியும். மணவூர், திருவாலங்காடு, மோசூர் என்று வழியெல்லாம் ஏறிய பால் கேன்களும் பூக்கூடைகளும் பள்ளிப் பைகளும் சென்னையின் காலையைத் தினமும் நிரப்புகின்றன. ஊரின் பிழைப்பும் ரயில்தான். மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட் இங்கே இருக்கிறது. பாயிண்ட்ஸ், கிராஸிங், பாலத்துக்கான இரும்பு உத்திரங்கள் செய்யும் பொறியியல் பட்டறையும் இங்கே இருக்கிறது. பாதைகள் பிரியும் ஊரிலேயே பாதையைப் பிரிக்கும் இரும்பையும் செய்கிறார்கள். இதைவிடப் பொருத்தமாக ஓர் ஊருக்குத் தொழில் அமைய முடியாது.

கட்டடமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. குனிந்து பார்க்க வேண்டும். இந்தத் தடத்தின் பழைய நிலையங்களில் கூரையைத் தாங்கும் கால்களைக் கவனியுங்கள். பல இடங்களில் அவை தூண்களல்ல, தேய்ந்து கழித்த தண்டவாளங்கள். ஓடிய காலம் முடிந்ததும் நட்டு நிறுத்திவிட்டார்கள். வேலிக்கும் அதுதான், விளக்குக் கம்பத்துக்கும் அதுதான். தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் அதை உருட்டிய ஆலையின் பெயரும் வருடமும் புடைத்த எழுத்தில் இருக்கும். சுண்ணாம்பும் பெயின்டும் அடுக்கடுக்காக ஏறிக் கண்ணுக்குத் தெரியாது. விரலை வைத்துத் தடவினால் எழுத்து ஒவ்வொன்றாக வரும். எங்கோ இங்கிலாந்தில் நெருப்பில் பிறந்து, கப்பலேறி, எத்தனையோ வருடம் வண்டியைச் சுமந்து, இப்போது ஒரு முறுக்கு வியாபாரியின் முதுகுக்குச் சாய்மானமாக நிற்கிற இரும்பு. நிலையங்களைப் புதுப்பிக்கும் வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது. கழிப்பறையும் மின்தூக்கியும் நிச்சயம் வேண்டும். முழங்கால் வலியோடு மேம்பாலம் ஏறும் பெரியவர்களைப் பார்த்த யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பளபளக்கும் தகட்டை முகப்பில் ஒட்டுவதற்கு முன்னால், இந்தக் கால்களில் எழுதியிருப்பதை யாராவது ஒருவர் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன். வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் திரும்ப வராது.

காஞ்சிபுரம் பாதையும் பிற்பாடு அகலப்பாதையானது. அந்தச் சின்ன வண்டி போய்விட்டது. 2019-இல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம் என்று சுற்றிச் சென்னைக்கே திரும்பி வரும் வட்டப்பாதை ரயிலை விட்டார்கள். கவட்டையின் கைப்பிடியும் ஒரு கிளையும் வளைந்து வளையமாகிவிட்டன. நான்கு விரல் தள்ளிப் போட்டதற்கும், பிறகு அகலமாக்கியதற்கும், நடுவில் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஜனங்கள் மேடை மாறியதற்கும் இப்படியொரு முடிவு வரும் என்று யார் நினைத்தார்கள்?

அந்த ரயிலில் அம்மாவை ஒருமுறை காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. திருவாலங்காடு வரை தூங்கிக்கொண்டே வந்தார். புளியமங்கலம் தாண்டிப் பெட்டி ஆடத் தொடங்கியதும் கண்ணைத் திறந்தார். மேலே இருந்த பையை எடுக்கச் சொன்னார், தண்ணீர்ப் பாட்டிலை இடுக்கிக்கொண்டார், செருப்பைக் காலால் துழாவி மாட்டினார், கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார்.

“இறங்க வேண்டாம் அம்மா. இந்த வண்டியே காஞ்சிபுரம் போகிறது.”

“அரக்கோணம்டா” என்றார், எனக்குத் தெரியாததைச் சொல்வது போல.

மெல்லக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வண்டி நின்றது, கிளம்பியது. மேடை பின்னால் போவதை அவர் நம்பாத கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. தக்கோலம் போய், திருமால்பூர் வந்தபிறகுதான் அதை என்னிடம் கொடுத்தார்.